எட்டாம் நம்பர் காலில் ஒரு நகச்சொத்தை

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. என்னை அங்கே வைத்திருந்தது மூளை இல்லை, வலது கால். நூல் பிசகாத எட்டாம் நம்பர். புது மாடல் எது வந்தாலும் முதலில் என் காலில் மாட்டி நடக்க விடுவார்கள். நான் "சரி" என்றால் கட்டிங் தொடங்கும். "இடிக்குது" என்றால் ஷூவை உருவாக்கும் அச்சுக் கட்டையையே திருத்துவார்கள். வீட்டில் என் வாய் சொல்வதற்குக்கூட இந்த மரியாதை கிடையாது.

போன வருஷம் கட்டைவிரல் நகத்தின் ஓரம் மஞ்சளாயிற்று. தோல் சாயம் என்று விட்டுவிட்டேன். பிறகு நகம் தடித்தது, அடியில் மாவு மாதிரி உதிர்ந்தது. ஈரத்தோலில் ஒரு புள்ளி பூஞ்சை விழுந்தாலும் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிக்கிறவன் நான். சொந்தக் காலில் தெரியவில்லை. தோலில் குறை இருந்தால் எங்கள் தொழிலில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். உப்புத்தாளால் தேய்த்து, ஃபினிஷிங் பிரிவிலிருந்து பளபளப்புக்கு அடிக்கும் லாக்கர் வாங்கி வந்து இரண்டு கோட் அடித்தேன். நகம் ஏற்றுமதித் தரத்துக்கு வந்துவிட்டது. உள்ளே பூஞ்சை கூரை போட்ட வீட்டில் சுகமாகக் குடித்தனம் நடத்தியது.

நகம் தூக்கிக்கொண்ட பிறகுதான், ஒரு சனிக்கிழமை, வேலூரில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன்.

"இது மேல என்ன போட்டிருக்கீங்க?"

"லாக்கருங்க."

"ஷூவுக்குப் போடறதா?"

"தோலுக்குப் போடறது மேடம்" என்றேன், என்னவோ அது தேவலை என்பது போல.

அவர் அடியிலிருந்த மாவைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லை, அடிபட்டாலும் இப்படி ஆகும், பார்க்காமல் மாத்திரை எழுதமாட்டேன் என்றார். மதியம் முடிவு வந்தது. பூஞ்சையேதான். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை, அது சரியாக இருந்தால் மூன்று மாதம் மாத்திரை.

"பழைய நகம் வெளுக்காது. வேர்லேர்ந்து புதுசு வரணும், ஒரு வருஷம்கூட ஆகலாம். நடுவுல நிறுத்திடாதீங்க. தினம் வேற சாக்ஸ், நல்லா காய்ஞ்ச ஷூ, நகவெட்டி உங்களுக்குத் தனி." எழுதிக்கொண்டே கேட்டார், "ஷூ போட்டா விரல் இடிக்குமே, எத்தனை மாசமா?"

விரல் விட்டு மாசத்தை எண்ண ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினேன்.

இரண்டு வாரம் முன்பு புது மாடலைப் போட்டுப் பார்த்து, "கட்டைவிரல்கிட்ட இடிக்குது" என்று சொன்னவன் நான்தான். அதை நம்பி அச்சுக் கட்டையின் முனையைத் தூக்கிவிட்டார்கள். இடித்தது ஷூ இல்லை, என் நகம். திங்கட்கிழமை காலை கட்டிங். வெட்டிய தோலை ஒட்ட முடியாது. யார் யாரோ வெள்ளைக்காரர்கள் என் சொத்தை நகத்துக்கு அளவெடுத்த ஷூவில் நடக்கப் போகிறார்கள்.

ஞாயிறு முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கக் காரணம் தேடினேன். நிறையவே கிடைத்தன. சொன்னால் காலுக்கு இருந்த உத்தியோகம் போய்விடும். சாக்ஸையும் கழற்றிக் காட்ட வேண்டும்.

திங்களன்று போனபோது மெஷினில் தோலை விரித்துவிட்டிருந்தார்கள்.

"சார், நிறுத்துங்க" என்றேன் மேனேஜரிடம்.

"இன்னாபா, இப்ப வந்து?"

சாக்ஸைக் கழற்றினேன். கட்டிங் ஆட்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"லாக்கர் யார் அடிச்சது?"

"நான்தான் சார்."

"ஃபினிஷிங் மட்டும் நல்லா இருக்குது." அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு எட்டாம் நம்பர் வேண்டும். மாதனூர் ஆட்களை இறக்கிவிட்டு நின்ற கம்பெனி பஸ் டிரைவர் அகப்பட்டார்.

"இவரு போட்ட ஜோடியா? வேணாம் சார்" என்று பின்வாங்கினார். யாரும் போடாத ஜோடிகளைக் கொடுத்தார்கள்.

முதலில் திருத்தாத ஷூ. மெஷின் வரை போய்த் திரும்பினார். பிறகு திருத்தியது. அதிலும் போனார், வந்தார், நின்று விரலை அசைத்துப் பார்த்தார்.

"மொதல்ல போட்டது சரியா கீது. இதுல முன்னாடி ஜாஸ்தி காலி. இன்னொரு விரல் வச்சிக்கலாம்."

விரித்த தோலைச் சுருட்டச் சொன்னார் மேனேஜர். பழைய அளவுக்கே திரும்பினோம்.

இப்போது டிரைவர்தான் நடக்கிறார். நான் மண்டியிட்டு அவருக்கு ஷூக் கயிறு கட்டிவிடுகிறேன். காலையில் பஸ் ஏறும்போது தவறாமல் விசாரிக்கிறார்.

"நகம் எவ்ளோ வந்துகீது சார்?"

"அரிசி அளவு."

"வரட்டும், மெதுவா வரட்டும்" என்கிறார், கியரைப் போட்டுக்கொண்டே.