கோழி அடைகாத்த எட்டுப் பக்கங்கள்

மந்தைவெளியில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "பிள்ளையள், கதைக்காமல் இருங்கோ" என்றேன். இன்றைக்குக் கதை கிடையாது என்று நினைத்து இரண்டு குழந்தைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது என்று இங்கே யாருக்குத் தெரியும்? மறுநாள் படப்புத்தகத்தைக் கொடுத்து, "ஆறுதலாகப் பாருங்கோ" என்றேன். வாசலில் நின்ற தலைமையாசிரியை ஜெயா மிஸ் பதறிப்போனார். "யாருக்கு என்ன ஆச்சு? எதுக்கு ஆறுதல் சொல்லிண்டிருக்கேள்?" அவசரப்படாமல் என்பதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினேன்.

உண்மையில் எனக்கே அந்த ஆறுதல் பழக்கமில்லை. ஊரில் படிப்பித்த காலத்தில், ஹெலிகொப்டர் சத்தம் கேட்பதற்குள் பாடத்தை முடித்துவிட வேண்டும். கேட்டதும் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இறக்க வேண்டும். பாதியில் நின்ற கதைகளே அதிகம். வேகமாகப் படிக்கத்தான் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சென்னைக்கு வந்த பிறகோ காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கணவர் கனடாவுக்குப் போய் இரண்டு வருடம். நானும் அங்கே போவதற்கான விசாக் கடிதம் இன்று வரும், நாளை வரும் என்று இருப்புக்கொள்ளாமல் கிடந்தேன். வாடகை அறை மாறிக்கொண்டே இருந்ததால் பள்ளி முகவரியையே கொடுத்திருந்தேன்.

குழந்தைகளும் என்னைப் போலத்தான். எந்தப் படப்புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்துக்கு ஓடுவார்கள். அதனால் பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் நானே ஒரு புத்தகம் வரைந்தேன். எட்டுப் பக்கமும் ஒரே கோழி அடைகாக்கும். ஒரு பக்கத்தில் மதிலில் பூனை, அடுத்ததில் மழை, பிறகு முட்டையில் மயிரிழை போல ஒரு விரிசல், கடைசியில் குஞ்சுகள். மாறியதைக் கண்டுபிடித்தால்தான் பக்கம் திரும்பும். முதல் வாரம் ஒரே சலிப்பும் சண்டையும். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வரும் செல்விக்கு மட்டும் மழைப் பக்கம் பிடித்துப்போனது. ஓலைக்கூரை ஒழுகுமா, கோழி நனையுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மழைப் பக்கத்தில் இருந்தபோது ஜெயா மிஸ் ஒரு நீண்ட கவரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். தூதரக முத்திரை. என் விரல்கள் தாமாகவே நாலைந்து தாள்களைச் சேர்த்துத் திருப்பின. "குஞ்சு பொரிச்சிட்டுது, கதை முடிஞ்சுது" என்றேன்.

செல்வி எழுந்து வந்து தாள்மேல் உள்ளங்கையை வைத்தாள். "இன்னா மிஸ், மழயே நிக்கல. அதுக்குள்ள முடிஞ்சிச்சின்ற?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மழைப் பக்கத்துக்கே திரும்பினேன். விரிசலைக் கண்டுபிடிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் கவரின் ஓரம் என் வியர்வையில் நனைந்தது. கடைசிக் குஞ்சும் வெளியே வந்து எல்லோரும் கைதட்டிய பிறகுதான் பிரித்தேன். இன்னும் மூன்று பத்திரங்கள் கேட்டிருந்தார்கள். அவை ஊரிலிருந்துதான் வர வேண்டும். குறைந்தது இன்னொரு வருடம். அழுகை வரவில்லை, அது எனக்கே வியப்பாக இருந்தது.

அன்று மாலை இரண்டு கடிதங்கள் எழுதினேன். கணவருக்கு, "வரச் சுணங்கும், கவலைப்படாதேங்கோ" என்று. கொழும்பு வழியாக யாழ்ப்பாணம் போக வேண்டிய மற்றதில் அம்மாவுக்கு, "நான் இன்னும் கிட்டத்தான் இருக்கிறன்" என்று. இரண்டும் உண்மைதான். இரண்டையும் ஒரே தபால்பெட்டியில் போட்டேன்.