வொலியூம் பார்க்கிற பிள்ளை

கிரிப்டோ சந்தைகள் "இன்றைக்கு எங்களிடம் இவ்வளவு வியாபாரம் நடந்தது" என்று போடும் தொகையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புளுகு என்று அளந்து சொல்வது என் தொழில். கலியாணப் பேச்சில் இதைச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிடுவார்கள்.

உங்களில் பலருக்கும் இந்த அவதி இருக்கும். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று உங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. நீங்களும் விளக்கி விளக்கிக் களைத்து, கடைசியில் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பியிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தத்துக்கு ஒரு கடிதம்

என் அம்மா சொந்தக்காரர் எல்லாரிடமும் "மகள் வொலியூம் பார்க்கிற வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறார். அது பொய்யில்லை. வியாபார அளவுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். ஆனால் எங்கள் வீடுகளில் வொலியூம் என்றால் ஒன்றே ஒன்றுதான், அது ரி.வி. ரிமோட்டில் இருக்கிறது. அதனால் ஒரு நாள் எங்கள் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பின் தலைவர் ராஜதுரை மாமா கதவைத் தட்டினார். பக்கத்துக் கலியாண மண்டபத்தின் ஸ்பீக்கர் சத்தம் தாங்க முடியவில்லையாம். நான் என் மெஷினைக் கொண்டுபோய் அளந்து, கம்பெனித் தாளில் ஒரு கடிதம் கொடுத்தால் அவர் அதைப் பொலிசுக்குக் கொண்டுபோவாராம்.

அவரை உட்காரவைத்து விளக்கினேன். "மாமா, சில சந்தைகளில ஒரே ஆள்தான் இந்தக் கையால விக்கிறது, அந்தக் கையால வாங்கிறது. ஒண்டும் நடக்கேல்லை, ஆனா பெரிய வியாபாரம் நடந்த மாதிரித் தொகை காட்டும். நான் அதைக் கழிச்சுப்போட்டு மிச்சம் எவ்வளவு உண்மை எண்டு பாக்கிறனான்." மாமா கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். எழும்பிப் போகும்போது சொன்னார்: "விளங்கிட்டுது பிள்ளை. சத்தம் பெரிசு, ஆள் இல்லை. உந்த மண்டபமும் அப்பிடித்தான், நீர் கடிதத்தைத் தாரும்."

ஏசுவதற்கு ஆள்

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் சேவியர் அண்ணன். கொட்டாஞ்சேனைக்காரர். கப்பல் கம்பெனி ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டு எங்கள் சின்னக் கந்தோருக்கு வந்தவர். பொய் வியாபாரத்தைப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் சேர்ந்த புதிதில் ஒரு சந்தையைப் பார்த்து வாயைப் பிளந்தேன். புத்தம் புதுச் சந்தை, ஆனால் தொகையோ பெரிய பழைய சந்தைகளுக்குச் சமம். சேவியர் அண்ணன் பால் விடாத பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்துவிட்டு என் கதிரையைத் தன் பக்கம் இழுத்தார். "நல்லாப் பாருங்க. எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. மனுசன் இப்படி ஒழுங்கா வாங்கமாட்டான். ஒருத்தன் கொஞ்சம் வாங்குவான், ஒருத்தன் கூட வாங்குவான், ஒருத்தன் பாத்திட்டுப் போயிருவான்." பிறகு, வாங்கக் காத்திருப்பவர்களின் வரிசையைத் திறந்து காட்டினார். மலையளவு வியாபாரம் என்று சொன்ன இடத்தில், கொஞ்சம் விற்கப் போனாலே விலை சரிந்து விழும் அளவுக்குத்தான் ஆள் இருந்தது.

கடைசியாக ஒரு வேலை தந்தார். அந்தச் சந்தையை யாராவது இணையத்தில் திட்டியிருக்கிறார்களா என்று தேடச் சொன்னார். பின்னேரம் வரை தேடினேன். காசு வரப் பிந்துகிறது, செயலி உறைந்துவிட்டது, பதில் சொல்ல ஆளில்லை என்று மற்றச் சந்தைகளுக்கெல்லாம் மூட்டை மூட்டையாக வசவு கிடந்தது. இதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. இவ்வளவு நல்ல சந்தையா என்று நான் வியந்தபோது சேவியர் அண்ணன் சிரித்தார்: "ஏசுறதுக்கு ஆளில்லாட்டி வாங்குறதுக்கும் ஆளில்ல, தங்கச்சி."

அந்த ஐயோ

நாங்கள் தொகையைக் கழித்து, இணையத்தில் நாளாந்தம் போடும் லிஸ்டில் கீழே இறக்கினால் சந்தைக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். வளைகுடாவில் இருந்து ஒரு சந்தையின் ஆள் போன் எடுத்து, நல்ல இங்கிலீசில் என்னோடு வாதாடினார். நானும் நல்ல இங்கிலீசில் கொஞ்சம் கடுமையாக ஒன்று சொன்னேன். மறுமுனையில் "ஐயோ" என்று வந்தது. அது இங்கிலீசு ஐயோ இல்லை. "தம்பி எவடம்?" என்று கேட்டேன். "கிருலப்பனை அக்கா" என்றார். எங்கள் வெள்ளவத்தைக்குப் பக்கம்.

அதற்குப் பிறகு வாதம் எங்கே நடக்கும்? கருவாடு அங்கே கிடைக்குதா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவரும் பொய் வியாபாரத்தை ஒளிக்கவில்லை. "ஒரு தொடக்கத்துக்குத்தான் அக்கா. சனம் நிக்கிற இடத்துக்குத்தானே சனம் வரும். உண்மையான ஆக்கள் வந்த உடன நிப்பாட்டிருவம்." நான் ஏலாது என்று சொன்னேன். தொகையைப் பார்த்து நம்பி வருகிறவன் அவசரத்துக்கு விற்கப் போனால் அங்கே வாங்க ஆள் இருக்காது, அவன் அழிந்துபோவான் என்று சொன்னேன். அவர் அதை ஒத்துக்கொண்டார். ஆனால் தொலைபேசியை வைக்கும் முன் ஒன்று கேட்டார்: "எங்கட அம்மா ஒவ்வொரு நாளும் உங்கட லிஸ்டைத் திறந்து என்ர கம்பெனி எத்தினையாவது எண்டு பாக்கிறவ, அக்கா. இண்டைக்குத் தேடுவா, நான் என்ன சொல்ல?"

பிலோ அக்கா கேட்ட உதவி

சேவியர் அண்ணனின் மனைவி பிலோ அக்கா ஒரு கம்பெனியில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தவர். நாடு நெருக்கடியில் கிடந்த காலத்தில் கம்பெனி மூடிவிட்டது. அதோடு அவரும் மூடிக்கொண்டார். வாய் ஓயாமல் கதைத்த மனுசி, ரி.வி.யை வொலியூம் இல்லாமல் போட்டுவிட்டு முன்னால் இருந்தாராம். அப்படி ஒரு வருடம். அந்த நாட்களில் சேவியர் அண்ணன் கந்தோரில் இருந்து சும்மா சும்மா வீட்டுக்குப் போன் எடுப்பார், "ஒண்டுமில்ல, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வைப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

பிறகு ஒரு நாள் பிலோ அக்கா வீட்டு முன் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து றோல்ஸ், பற்றிஸ், கட்லட் என்று தின்பண்டம் விற்கத் தொடங்கினார். வியாபாரம் பிடித்துக்கொண்டது. பிலோ அக்கா பழையபடி கதைக்கத் தொடங்கினார். எங்களுக்கெல்லாம் சந்தோசம். இப்போது சந்தியில் ஒரு பெரிய கடை வாடகைக்கு வருகிறதாம், அதற்கு முற்பணம் கட்டத் தன் தங்கக் காப்புகளைக் கொடுக்கப் போகிறாராம். கொடுக்கும் முன் என்னைக் கூப்பிட்டார். அவர் ஒரு உதவி கேட்டபோது பக்கத்தில் நின்ற சேவியர் அண்ணனின் முகம் ஏன் அப்படி வெளிறியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பிலோ அக்கா சொன்னார்: "தங்கச்சி, நீங்க ஊர் உலகத்துச் சந்தைய எல்லாம் அளக்குறீங்க. ஒரு நாளைக்கு எங்கட கடையில இருந்து, வியாபாரம் உண்மையிலயே பெரிய கடைக்குக் காணுமா எண்டு சொல்லுங்க."

ஒழுங்கான வாடிக்கையாளர்கள்

சனிக்கிழமை காலையிலேயே போய் ஒரு ஸ்டூலில் இருந்தேன். அன்றைக்கென்று சேவியர் அண்ணனுக்கு வெளியே ஏதோ அவசர வேலை. வியாபாரம் நன்றாகத்தான் இருந்தது. ஓட்டோக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லாரும் ஐந்து றோல்ஸ். ஒருவரும் சூடா என்று கேட்கவில்லை, மீனா முட்டையா என்று கேட்கவில்லை. ஒருவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அடுத்தவர், யாரோ மணி அடித்து அனுப்புவது போல. இந்த ஒழுங்கை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

இடையிடையே வேறு ஆட்களும் வந்தார்கள். கோயிலால் வந்த ஒரு அம்மா பெட்டிக்குள் குனிந்து பார்த்து, "எல்லாம் சின்னனா இருக்கு" என்று முகத்தைச் சுளித்து, ஒரே ஒரு பற்றிஸ் வாங்கினார். துறைமுகத்தில் வேலை முடித்து வந்த ஒருவர் அங்கேயே நின்று ஒரு றோல்ஸைக் கடித்துவிட்டு, "மிளகு கூட அக்கா, வாய் எரியுது. போன கிழமையும் சொன்னனே" என்று குறைப்பட்டார். பிறகு இன்னொன்று வாங்கி, அதையும் தின்றுவிட்டுப் போனார். பிலோ அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "இந்தாள் எப்பவும் இப்படித்தான்" என்று முணுமுணுத்தார்.

மத்தியானம் காலாறப் போவதாகச் சொல்லிவிட்டுச் சந்தியில் இருந்த ஓட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஒரு ஓட்டோவின் பின் சீற்றில் றோல்ஸ் பைகள் குவிந்து கிடந்தன. சில்லுக்குப் பக்கத்தில் கிடந்த நாய்க்கு ஒருவர் ஒரு றோல்ஸைப் போட்டார். அது முகர்ந்து பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தது. நான் பார்ப்பதைக் கண்ட ஓட்டோக்காரர் ஒரு பையை எடுத்து நீட்டினார்: "மிஸ், கொண்டுபோங்க, சும்மாதான். சேவியர் அய்யே சல்லி தந்து நெதமும் வாங்கச் சொல்றாரு, எங்களுக்கு இனிமே தின்ன ஏலா."

அண்ணன் சொன்னது

திங்கட்கிழமை கந்தோரில் நான் என் திரையை விட்டுத் தலையை எடுக்கவில்லை. சேவியர் அண்ணனே வந்து பக்கத்தில் இருந்தார். "பிடிச்சிட்டீங்க, என்ன?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் முதலில் வந்தது தொழில்தான். "அண்ணன், ஏன் எல்லாருக்கும் ஐஞ்சு? எனக்குப் பழக்கின நீங்களே இப்பிடிச் செய்யலாமா? ஒருத்தருக்கு ரெண்டு, ஒருத்தருக்கு நாலு எண்டாவது சொல்லியிருக்கலாமே!" அவர் பாவமாக, "அவசரத்தில யோசிக்கல்ல" என்றார். கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் நிற்கவில்லை, அழுகையும் வந்தது.

கடை திறந்த முதல் நாள் ஒருவரும் வரவில்லையாம். பிலோ அக்கா பெட்டிக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பின்னேரம் ஆகவும் அந்தப் பழைய முகம் திரும்பி வருவதைக் கண்டு, இவர் பின் கதவால் ஸ்டாண்டுக்கு ஓடியிருக்கிறார். ஒரு தொடக்கத்துக்கு என்றுதான். கிருலப்பனைத் தம்பி சொன்ன அதே சொல். பிறகு நிறுத்த வழி தெரியவில்லை. இப்போது காப்பும் போகப் போகிறது. "கட்டாயம் சொல்லத்தான் வேணும், எனக்குத் தெரியும்" என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்: "ஆனா கடை திறந்த அண்டைக்கு ராவு அவ எனக்கு ஏசினா, தங்கச்சி. செருப்ப வழியில போட்டிருக்கு எண்டு ஏசினா. ஒரு வருசத்துக்குப் பொறகு ஏசினா."

கழித்த பிறகு

அன்று பின்னேரமே இருவருமாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். பிலோ அக்கா காப்புகளைக் கழற்றி ஒரு கைக்குட்டையில் முடிந்து மேசையில் வைத்திருந்தார். நாளைக் காலையில் சந்திக் கடையின் சொந்தக்காரர் வருகிறாராம். சேவியர் அண்ணன் "பிலோ" என்று தொடங்கினார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. நான்தான் சொன்னேன், ஸ்டாண்டில் படுத்திருந்த நாய் வரைக்கும். ஓட்டோக்காரர்களைக் கழித்தால் பெரிய கடைக்குப் போதாது என்பதையும் சொன்னேன். பிலோ அக்கா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கதிரையில் இருந்தார். ரி.வி.யையே பார்த்தார். அது ஓடவில்லை. நான் ஒரு மனுசியை மறுபடியும் மூடிவிட்டேன் என்று நினைத்தேன். என் தொழிலை நான் வெறுத்தது அந்த ஒரு தரம்தான்.

பிறகு அவர் கைக்குட்டையை அவிழ்த்தார். காப்புகளை ஒவ்வொன்றாகக் கையில் போட்டுக்கொண்டே ஏசத் தொடங்கினார். தமிழில் ஏசினார், சிங்களத்தில் ஏசினார். பொய்யன் என்றார், நாய்க்கா நான் மாக் குழைத்தேன் என்றார், கலியாணம் முடித்த நாளில் இருந்து எல்லாவற்றையும் இழுத்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. சேவியர் அண்ணன் குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் பார்த்தேன்.

மூச்சு வாங்கியபோது பிலோ அக்கா நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். "மிளகு கூட எண்டு சொன்ன அந்த ஹாபர்க்காரர்? அவரும் இவர் அனுப்பின ஆளா?"

"இல்ல அக்கா. அவர் உண்மையான ஆள்."

"சின்னனா இருக்கு எண்ட அம்மா?"

"அவவும்தான்."

பிலோ அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, அடுப்பை மூட்டினார்: "அப்ப நாளைக்கு மிளகக் குறைப்பம், கொஞ்சம் பெருசாவும் சுத்துவம்."

ஆகவே, என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, உங்கள் வேலையில் யாராவது குறை சொன்னால் மனம் நோகாமல் அவருக்கு ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுங்கள், ஆள் உண்மை.