நீட்டுவதற்கென்று ஒரு பெட்டி

தொண்ணூறுகளின் நடுவில், லண்டனில் சமூகவியல் பட்டம் பெற்ற கையோடு எனக்கு ஒரு நடமாடும் சுகாதார வேனில் வேலை கிடைத்தது. வயதான சீனர்கள் புகைப்பழக்கத்தை விடுவதற்கு உதவ வேண்டும். என்னைத் தேர்ந்தெடுத்ததற்குப் பட்டம் காரணமன்று. நான் மலேசியாவின் ஈப்போ நகரில் வளர்ந்தவள், அங்குள்ள சீனர்களின் கான்டனீஸ் மொழி பேசுவேன். லண்டனின் வால்தம்ஸ்டோவில் நான் அறை எடுத்திருந்த வீட்டின் யாழ்ப்பாணத்து அக்காவுக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை. “சீனக் கிழவன்மாரைச் சிகரெட் விடச் சொல்லுறதுக்கே இவ்வளவு படிச்சனீர்?” என்று கேட்டார். அப்போது அவருடைய கணவர் வீட்டுப் பின்வளவில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை.

வேனில் நாங்கள் இருவர்: ஆங்கிலேயத் தாதி ஒருவர், நான். செவ்வாய்க்கிழமை காலைகளில் ஒரு சீன முதியோர் நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் வேன் நிற்கும். தாதியிடம் நிக்கோட்டின் சூயிங்கமும், ஊதினால் மூச்சில் புகையின் அளவை எண்ணாகக் காட்டும் சிறு கருவியும் இருந்தன. என்னிடம் ஓர் ஆங்கிலக் கையேடு இருந்தது. அதை நான் வாய்மொழியாகச் சீனத்தில் சொல்ல வேண்டும். வீட்டிலும் சட்டைப்பையிலும் உள்ள சிகரெட் அனைத்தையும் எறிந்துவிடுக என்பது அதன் முதல் அறிவுரை.

எழுபது கடந்த ஒருவர் எங்களிடம் வந்தார். உணவகங்களில் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் நகராட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் அடுக்ககத்தில் தனியே வாழ்ந்தார். அவருடைய இடது காலுக்கு இரத்தம் செல்லும் குழாய் அடைத்திருந்தது. பாதம் கறுக்கத் தொடங்கியிருந்தது. ஆறு வாரம் புகைக்காமல் வந்தால் அறுவை செய்து பார்க்கலாம், இல்லாவிட்டால் காலை எடுக்க நேரும் என்று மருத்துவர் கூறியிருந்தார்.

என் கான்டனீஸைக் கேட்டதும், மீன் சந்தையில் படித்தாயா என்றார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். “அமோய், நெஞ்சு, நுரையீரல் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். இந்தக் கால் இருக்கணும். அவ்வளவுதான்.” அமோய் என்பது இளம்பெண்ணை அழைக்கும் சொல், அதற்குப் பின் அவர் என்னை வேறு விதமாக அழைத்ததில்லை.

கையேட்டின் முதல் அறிவுரையைச் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, இரு கைகளாலும் தாதியின் மேசைமேல் வைத்தார். அடுத்த செவ்வாயும் அதற்கு அடுத்ததும் கருவியில் எண் இறங்கியது. அதற்குப் பின்வந்த செவ்வாய் அவர் வரவில்லை. அடுத்ததும் இல்லை.

தவறியவர்கள் வெட்கத்தால் வராமல் இருப்பதுண்டு, தொந்தரவு செய்யாதிருப்பதே நல்லது என்றார் தாதி. வீடு தேடிப் போனால் அவர் அவமானமாக உணரக்கூடும். போகாவிட்டால் ஒரு கால் போகக்கூடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுப் போனேன்.

கதவைத் திறந்தவர் எதையும் மறைக்கவில்லை. சன்னல் ஓரத்தில் சாம்பல் கிண்ணம் நிரம்பியிருந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். நிலையத்தில் மதியந்தோறும் அவரையும் சேர்த்து நால்வர் மாஜோங் என்ற சீனக் காய் விளையாட்டு ஆடுவார்கள். காய்களைக் கலக்குமுன் ஒவ்வொருவரும் தம் பெட்டியை எடுத்து மற்ற மூவருக்கும் ஒன்று நீட்டுவது வழக்கம். பெட்டியை எங்களிடம் கொடுத்த அன்றும் மற்ற மூவரும் அவருக்கு நீட்டினார்கள். திருப்பி நீட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. மறுநாளும் நீட்டினார்கள்.

“இந்த வயசுல கைய ஏந்திக்கிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது,” என்றார். இரண்டு வாரம் போல் அதைப் பொறுத்திருக்கிறார், பிறகு ஆட்டத்துக்குப் போகவில்லை. மொழி புரியாத தொலைக்காட்சியின் முன் சும்மா இருந்த கைகள் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டன. ஆட்டத்தில் இருந்தால் இரண்டு கையிலும் காய் இருக்கும், இவ்வளவு புகைத்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

ஈப்போவின் காப்பிக் கடைகளில் நான் தினமும் பார்த்த வழக்கம் அது. அங்கே சிகரெட் நீட்டுவது வணக்கம் சொல்வதுபோல. தாதிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். நானோ கையேட்டை வரிக்கு வரி சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மருத்துவரிடம் பேசித் தேதியைச் சற்றுத் தள்ளிவைக்கக் கேட்கிறேன் என்றேன். பெட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்கு நீட்டுங்கள், உங்களுக்கு நீட்டினால் வாங்குங்கள், பற்றவைக்காதீர்கள் என்றேன்.

அவர் காதைத் தொட்டுக் காட்டினார். “காதுமேல சொருகிக்கலாம். அப்புறம் பிடிப்பேன்னு அர்த்தம்.”

“அப்புறம்னா எப்ப?”

“அத எவனும் கேட்க மாட்டான்.”

திரும்பும் பேருந்தில் கணக்குச் சரியாக வரவில்லை. அவர் வீட்டிலேயே இருந்தால் அந்த மூவரும் ஆளுக்கொரு சிகரெட் குறைவாகப் புகைப்பார்கள். இப்போது ஒரு சுகாதார ஊழியரின் அனுமதியோடு அதைப் பெறப்போகிறார்கள். தாதியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கருவியைத் துடைத்துக்கொண்டே, அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, இந்தக் காலுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றார்.

மருத்துவர் ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தார். சமையல்காரர் ஆட்டத்துக்குத் திரும்பினார். செவ்வாய்தோறும் ஊதினார், எண் இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. அறுவை நடந்தது. கால் தங்கியது.

அவர் ஊன்றுகோலுடன் நிலையத்துக்கு வரத் தொடங்கிய பிறகு ஒரு மதியம் பார்க்கப் போனேன். அந்த மேசையை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. வேன் எப்போதும் ஆட்டம் தொடங்குமுன் கிளம்பிவிடும். அவர் காதில் ஒரு சிகரெட் இருந்தது. இடப்பக்கம் இருந்தவர் என் கான்டனீஸைக் கேட்டே நான் யாரென்று கண்டுகொண்டார். முன்பு சலவைக் கடை வைத்திருந்தவராம்.

“இவன் கால் பிழைக்கணும்னு இவன் பங்கையும் நாங்க மூணு பேர் பிடிச்சோம். எங்களுக்குச் சான்றிதழ் கிடையாதா?”

மேசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆட்டம் ஒரு சுற்று போனபின், காய்களிலிருந்து கண்ணெடுக்காமல் அந்தச் சலவைக்காரரே மெல்லக் கேட்டார். காலையில் மூச்சு வாங்குகிறது, படி இறங்கவே மதியம் ஆகிறது; அந்த வேன் மதியத்தில் வராதா?

அவருடைய மூச்சில் என் அனுமதிக்கு எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரியாது. பெரிதாக இருக்க முடியாது. இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த வாரமே நேரத்தை மாற்றக் கோரி மேலதிகாரிக்கு எழுதினேன். காலையில் வர இயலாதவர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் காரணம் காட்டினேன்.

அடுத்த மாதத்திலிருந்து வேன் நான்கு மணி வரை நின்றது. சலவைக்காரர் இரண்டாம் வாரம் வந்தார். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டுவதற்காகச் சமையல்காரரும் கார் நிறுத்துமிடத்தைக் கடந்து உடன் நடந்து வந்தார். இரண்டு பேரும் நடுவில் ஒருமுறை நின்றார்கள். ஒருவர் மூச்சுக்காக, மற்றவர் அவருக்காக.