கழலாத நட்டு

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். தாளில் எழுதிப் படமெடுத்து இந்தக் குழுவில் போடுகிறேன்.

எண்ணூர் உப்புக்காற்றில் எங்கள் வீட்டு ஷவர் வால்வின் நட்டு பச்சை பூத்து இறுகிவிட்டது. தண்ணீர் ஒழுகியது. பிளம்பர் காதர் பாய்க்கு இன்று நானே செய்தி எழுதினேன்: "நட்டு கழலவில்லை. வரவும்."

சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா நைனா, நட்டு கழண்டாத்தான் பேஜாரு. உனுக்கு கழலலன்னா சந்தோசம்தானே?"

நானும் சிரித்தேன். நான் தனியாக இருக்கும் வீடு. இங்கே இரண்டு பேர் சிரித்து வெகுநாளாகிறது.

பழைய நட்டை அறுத்தெடுத்துப் புதியதை மாட்டினார்.

"டீ குட்சிட்டு போ பாய்."

"மணலியில இன்னொரு வீட்ல வேலை கீது நைனா."

கிளம்பிவிட்டார்.

ஷவர் நட்டு இனி கழலாது. என் நட்டும் கழலாமலிருக்க யாராவது பதில் எழுதுங்கள். நீளமாகவே எழுதுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்து அடுத்த வாரத்துக்குள் பதில் போட்டுவிடுவேன்.