பாத்திமா மாதாவின் அரசர்கள்

இத்தாலியில் உள்ள இந்தப் பலெர்மோ நகரத்தை ஒரு காலத்தில் யார் யார் ஆண்டார்கள் என்று என்னை நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முதலில் அக்லபியர், பிறகு ஃபாத்திமியர், இடையில் சில வருடம் தனியே நின்று பார்த்த ஒரு மனிதர், அதன் பிறகு கல்பியர், கடைசியில் நோர்மானியர். இதையெல்லாம் நான் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. சரித்திரம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலேயே வேப்பங்காய். என் மகளை என்னிடம் கூப்பிட்டு எடுப்பதற்காகப் படித்தேன்.

அப்போது நான் லிபெர்த்தா வீதியில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுகிற ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் தங்கி வேலை செய்தேன். சமைப்பது, துடைப்பது, அவருடைய கால்களுக்கு மருந்து பூசுவது. சமையலறைக்குப் பின்னால் ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியும் கொள்ளுகிற அறை எனக்கு. மனுசி நல்லவர்தான். ஆனால் அடுத்தவர் வீட்டு அறையைக் காட்டிப் பிள்ளையைக் கூப்பிட முடியாது. சொந்தப் பெயரில் வீடு வேண்டும், அதற்கு வாடகை கட்டக்கூடிய வேலை வேண்டும் என்று, எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி தருகிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் சொல்லிவிட்டார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் ஆள் எடுத்தார்கள். அந்த வேலைக்கு ஒரு பயிற்சி, பயிற்சிக்கு இத்தாலிய எட்டாம் வகுப்புச் சான்றிதழ். நான் யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடப் பொதுப் பரீட்சையான ஓ.எல். சித்தியடைந்தவள். அந்தக் கடதாசி வீட்டோடு எரிந்துபோய்விட்டது. ஆகவே முப்பத்துநாலு வயதில், நகரத்தின் சீசா என்ற பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் போய், முழங்கால் இடிக்கிற வாங்கில் உட்கார்ந்தேன்.

நான் வெளிக்கிட்டபோது மகளுக்கு நாலு வயது. என் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தேன். மகளுடைய தகப்பன், எங்கள் பக்கத்தில் ஆட்சி கைமாறிய ஒரு கிழமையில், வேலைக்கென்று போனவர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

வகுப்பில் நாங்கள் பதினைந்து பேர் இருப்போம். மொரீசியஸ் பெண்கள் சிலர், ஆபிரிக்கர்கள், படிப்பை இடையில் விட்ட பலெர்மோக்காரர்கள். எனக்குப் பக்கத்தில் என்னைவிட இளையவளான ஒரு மன்னார்ப் பெண் இருந்தாள். பின் வாங்கில் சந்தையில் மீன்பெட்டி சுமக்கிற ஒரு துனீசியர். ஜூன் மாதத்து வாய்மொழிப் பரீட்சைக்கு ஆளுக்கொரு சரித்திர விசயத்தை எடுத்து வாருங்கள் என்றார் ஆசிரியை. யன்னலுக்கு வெளியே தெரிந்த சீசா மாளிகையைக் காட்டி, அந்தப் பெயரே அரபுச் சொல்தான், கட்டுவித்தது கிறிஸ்தவ ராசா என்றார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சும்மா புத்தகத்தைப் புரட்டினேன். அப்போதுதான் அந்தச் சொல் கண்ணில் பட்டது: ‘ஃபாத்திமிதி’.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஊரில் எங்கள் கோயில் பாத்திமா மாதா கோயில். சங்கிலியும் செபமாலையும் அந்த மாதா படமும் இல்லாமல் நான் கடல் கடந்திருக்க மாட்டேன். இங்கே பார்த்தால், மாதாவின் பெயரிலேயே ஒரு ராசகுலம் இந்தப் பலெர்மோவை ஆண்டிருக்கிறது. மன்னார்ப் பெண்ணுக்குக் காட்டினேன்.

“ஓம் அக்கா, மாதாவின்ர ஆக்கள்தான். வேற ஆரா இருப்பினம்?” என்றாள்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து முடிவுகட்டிவிட்டோம். புத்தகத்தில் எனக்கு விளங்கியது பாதி. மிச்சப் பாதியை நானே நிரப்பிக்கொண்டேன். பலெர்மோவின் கல்சாப் பகுதியை முதலில் மதில் கட்டி எழுப்பியவர்கள் ஃபாத்திமியர் என்று இருந்தது. கல்சாவில் இப்போது தடுக்கி விழுந்தால் கோயில் வாசல். பிறகென்ன சந்தேகம்? அடுத்த கிழமை வகுப்புக்கு முன்னால் எழும்பி நின்று, பாத்திமா மாதாவின் பக்தர்கள் ஆபிரிக்காவில் இருந்து கப்பலேறி வந்து இந்த நகரத்தில் செபமாலையைப் பரப்பினார்கள் என்று இத்தாலிய மொழியில் அடித்துவிட்டேன்.

ஆசிரியை திறந்த வாயை மூடவில்லை. பின் வாங்கில் இருந்து துனீசியர் கையை உயர்த்தினார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். ஃபாத்திமா எங்கள் நபியின் மகள், அந்த அரசர்கள் தங்களை அவருடைய வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள், அவர்களுடைய முதல் தலைநகரம் என்னுடைய ஊர், அவர்கள் கட்டிய வாசலில்தான் நான் சின்ன வயதில் பந்தடித்தேன் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நாடு போனது, வீடு போனது, இப்போது மாதாவையும் ஒருவர் தன்னுடையது என்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. உங்களுக்கு வேறொரு பாத்திமா இருக்கலாம், எங்களுடையவரைத் தொடாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு கிழமையாக அந்த மனுசனுடைய வணக்கத்துக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் இத்தாலியர். இருமல் வரும்வரை சிரித்தார். போர்த்துக்கலில் மாதா காட்சி கொடுத்த கிராமத்தின் பெயர் அரபுக்காரர் அங்கே இருந்த காலத்துப் பெயர், அந்த நபியின் மகளுடைய பெயர்தான் அது என்றார். அன்று முழுக்க எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. பிறகு, யாரோ ஒரு தகப்பன் தன் மகளுக்கு வைத்த பெயரைத்தானே எங்கள் மாதாவும் சுமந்துகொண்டு நிற்கிறா, அதில் எனக்கென்ன நட்டம் என்று தோன்றியது. வியாழக்கிழமை வகுப்புக்கு மீன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். பன்றி இல்லை, சூரை மீன்தான் என்று சொல்லித் துனீசியரிடம் நீட்டினேன். மூன்று சாப்பிட்டார். நாங்கள் மன்னிப்பு என்ற சொல்லைப் பாவிக்கவில்லை.

அந்த அரசர்கள் மாறி மாறி வந்த கதையை அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் ஒரு பிரசங்கம் உண்டு. அந்தக் காலத்தில் அதில் ஆட்சியாளரின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வார்களாம். யாருடைய பெயர் வாசிக்கப்படுகிறதோ அவருடைய ஆட்சி. அக்லபியர் இருந்தவரைக்கும் பக்தாத்தில் இருந்த அப்பாசியக் கலீபாவின் பெயர். ஆபிரிக்காவில் அக்லபியரை விழுத்திவிட்டு ஃபாத்திமியர் வந்ததும் பெயர் மாறியது. பலெர்மோச் சனத்துக்கு அது பிடிக்கவில்லை. தங்களுக்குள்ளேயே ஒரு பெரிய மனுசனைத் தெரிந்தெடுத்தார்கள். அவர் மறுபடி பக்தாத்தின் பெயரை வாசிப்பித்தார். சில வருடம்தான். பிறகு, தெரிந்தெடுத்த அதே சனம் அவரைப் பிடித்துக் கட்டி ஃபாத்திமியருக்கு அனுப்பிவிட்டது. அங்கே அவரைக் கொன்றார்கள்.

துனீசியர் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது. எங்களுக்கு இது புதினமா? ஊரில் எங்கள் சந்திக் கடைக்காரர் சுவரில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார். ஒரு வருடம் அதில் ஒரு தலைவருடைய படம் தொங்கும், கட்டுப்பாடு கைமாறினால் அடுத்த வருடம் வேறு படம். இடையில் சில நாட்களுக்கு என்ன ஏது என்று தெரியாமல் வெறும் ஆணி மட்டும் இருக்கும். அந்த நாட்களில்தான் நாங்கள் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. அரசர்களின் பெயரெல்லாம் அதற்குப் பிறகு எனக்குத் தானாக மனதில் நின்றன.

சிஞ்ஞோராவுக்கு இந்தப் படிப்பு முதலில் பிடிக்கவில்லை. அவருக்குப் பலெர்மோ என்றால் நோர்மானிய ராசாக்கள்தான். அரபுக்காரர் போய் எத்தனையோ நூறு வருடம், அவர்களை ஏன் கிண்டுகிறாய் என்றார். ஆனால் சமையலறை மேசையில் நான் உரத்துப் படிக்கிறபோது எதிரே உட்கார்ந்து அவரைக்காய் உரிப்பார். ஒரு மாதத்தில் தொலைக்காட்சி நாடகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டார். கல்பியர் குடும்பத்தில் அண்ணன் தம்பி அடிபட்ட இடம் வந்தால் தலையில் கைவைத்து, என் மாமனார் வீட்டிலும் இதேதான் நடந்தது என்பார். என் உச்சரிப்பைச் சொல்லுக்குச் சொல் திருத்தினார். நான் சித்தியடைந்தால் அவரை விட்டுப் போய்விடுவேன் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே திருத்தினார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் உள்ள அன்பு அதனால்தான்.

அந்தக் குளிர்காலத்தில், ஆமி நெருங்கி வருகிறதென்று ஊரில் சனம் முழுக்க யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது. ஆறு மாதம் தங்கையிடம் இருந்து ஒரு வரி இல்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க ஆளில்லாமல் இருந்தேன். சிஞ்ஞோராவின் கால்களுக்கு மருந்து பூசுகிறபோதெல்லாம் அக்லபியர், ஃபாத்திமியர், கல்பியர் என்று செபமாலை உருட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். சித்திரை முடிந்து, கொழும்பு வழியாகக் கடிதம் வந்தது. எல்லோரும் திரும்ப வீட்டுக்கு வந்துவிட்டார்கள், இப்போது ஆமி நிற்கிறது என்று தங்கை எழுதியிருந்தாள். கீழே மகளுடைய குண்டுக் கையெழுத்தில் ஒரே வரி: “அம்மா நான் நாலு பள்ளிக்கூடம் மாறிட்டன், எப்ப கூப்பிடுவீங்கள்?”

பரீட்சைக்கு அந்தக் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் நாலு பேர். எங்கள் ஆசிரியை ஒரு கரையில் இருந்தார். நான் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் வரைக்கும் எல்லாம் சரி. அப்போது நடுவில் இருந்த, வேறு பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த பரீட்சகர் நிறுத்தினார். சனம் தானே தெரிந்தெடுத்த மனிதரைச் சனமே ஏன் பிடித்துக் கொடுத்தது என்று கேட்டார்.

பதில் எனக்குப் பாடம். அரபுக் குலங்களுக்கும் வட ஆபிரிக்கப் பேர்பர்களுக்கும் இடையே இருந்த பகை, ஆபிரிக்காவோடு நின்றுபோன வியாபாரம் என்று புத்தகத்தில் இருந்தது. வாயைத் திறந்தேன், அது வரவில்லை. பயந்திருப்பார்கள் என்றேன். எல்லோருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும் என்றேன்.

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார். ஒரு புத்தகத்திலும் இல்லை என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை. கட்டி அனுப்பிய அந்தச் சனத்தின் மேலும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எதையோ எழுதினார். ஆசிரியை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். போகலாம் என்றார்கள்.

வெளியே மன்னார்ப் பெண் என்னைப் பிடித்து உலுக்காத குறை.

“ஏனக்கா, புத்தகத்தில இருந்ததைச் சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே? பிள்ளையைக் கூப்பிடுற அலுவலெல்லோ.”

அவள் சொன்னது சரி. ஒரு வாய்ப் பேச்சில் மகளைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தபடி பஸ்ஸில் ஏறினேன். பத்து நாள் வாயில் சோறு வைக்கப் பிடிக்கவில்லை. பெறுபேறு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தது. என் பெயருக்கு நேரே ‘சுஃபிச்சியெந்தே’ என்றிருந்தது. சித்திகளிலே கடைசிச் சித்தி அது. போதும் என்று அர்த்தம். மன்னார்ப் பெண்ணுக்கு அதைவிட ஒரு படி மேல். எனக்குப் போதும் என்பதே போதுமாக இருந்தது. சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் என் ஆட்சியும் முடிந்தது என்றார்.

பயிற்சி, முதியோர் இல்லத்து வேலை, சீசாவில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு, குவெஸ்தூராவில் வரிசை, மறுபடி வரிசை. எல்லாம் முடிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. கொழும்பில் இருந்து விமானத்தில் ரோமுக்கு வந்திறங்கிய மகளை, பலெர்மோவுக்கு வந்த ஒரு குடும்பத்தோடு அங்கிருந்த எங்கள் ஆக்கள் ரயிலில் அனுப்பிவிட்டார்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்தில் காலை ஏழு மணியில் இருந்து நின்றேன். ரயில் பதினொன்றுக்கு வந்தது. பதினொரு வயதுப் பெட்டை ஒருத்தி, தங்கையின் சாயலில், ஒரு பையோடு இறங்கி என் முன்னால் வந்து நின்றாள். எனக்குக் கட்டிப்பிடிக்கக் கை வரவில்லை. அவளும் வரவில்லை. படங்களில் பார்த்த ஆள் நான்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டி வந்த குடும்பத்துக்கு நன்றி சொல்லி அனுப்பினேன். இரண்டு பேரும் மேடை வழியே நடந்தோம்.

வாசலுக்கு முன்னால் சீருடையில் இரண்டு பொலிஸ்காரர் கோப்பியோடு கதைத்துக்கொண்டு நின்றார்கள். மகள் நின்றுவிட்டாள். குரலைத் தாழ்த்தி, உதடு அசையாமல் கேட்டாள்.

“அம்மா, இஞ்சை இப்ப ஆரின்ர கட்டுப்பாடு?”

அத்தனை ராசாக்களையும் ஒப்புவித்த நான் அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டேன்.

“ஒருத்தரின்ரயும் இல்லை. வா பிள்ளை,” என்றேன்.

அவள் நம்பவில்லை. என் கையை எட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, அந்த இரண்டு பேரையும் கடக்கும்வரை மூச்சுவிடாமல் நடந்தாள். ஏழு வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.