பெட்டியில் கிடந்தது யார்?

போன வருடம் மழை முடிந்த சமயம். மார்த்தாண்டத்துக்கு மேற்கே, எங்கள் ஊர் அண்டி ஆபீஸில் நடந்தது இது. முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பு எடுக்கும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அம்மா அங்கே பருப்பின் தோலை உரிக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் நாவல் எழுதுகிறேன் என்று சொன்னதும், ஏதோ அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது போல வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி மெதுவாக நடக்க ஆரம்பித்தார்கள்.

நானும் சும்மா இல்லை. நல்ல புத்தகம் எழுதுவது எப்படி, அதைப் பற்றி நாலு பேரைப் பேச வைப்பது எப்படி என்று யூடியூபில் இருக்கிற வீடியோவெல்லாம் பார்த்தேன். தினமும் தவறாமல் எழுது என்றார்கள், எழுதினேன். ஆசிரியரின் புகைப்படம் ரொம்ப முக்கியம் என்றார்கள். நாவல் பாதியில் நிற்கும்போதே முட்டம் பாறைமேல் நின்று, கடலைப் பார்த்தபடி ஒரு படம் எடுத்து வைத்துவிட்டேன்.

முடித்ததும் நாகர்கோவிலில் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்த பதிப்பாசிரியை போனில் அழைத்தார். கதையில் உயிர் இருக்கிறது, ஆனால் எங்கேயோ புதைந்து கிடக்கிறது என்றார். இரண்டு வாரத்தில் சரிசெய்து கொடுத்தால் வரப்போகும் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவரலாம், இல்லையென்றால் தங்களால் முடியாது என்றார். எங்கே புதைந்திருக்கிறது என்று கேட்டேன். "அதை நீங்கதான் தம்பி தோண்டணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தோண்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு எல்லாப் பக்கமும் அழகாகவே தெரிந்தது. நண்பர்களுக்கு அனுப்பினால் கோப்பைத் திறக்காமலேயே "சூப்பர் மக்கா" என்று பதில் போட்டார்கள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அந்த வாரம்தான் அண்டி ஆபீஸில் ரேடியோ கெட்டுப்போனது. காலையிலிருந்து மாலைவரை குனிந்து உட்கார்ந்து உரிக்கிற பெண்களுக்கு அந்த ரேடியோ இல்லாமல் பொழுது நகராது. அம்மா நேராக மேஸ்திரியிடம் போய், "எனக்க மோன் ஒரு கதை எழுதியிருக்கான். வந்து வாசிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கை நின்னா கதையும் நிக்கும்."

அங்கே உரித்த எடைக்குத்தான் கூலி. பருப்பு உடைந்தால் அதற்கு மதிப்புக் குறையும். அதனால் என்ன பேசினாலும், சிரித்தாலும், சண்டை போட்டாலும் அந்தப் பெண்களின் கையும் சின்னக் கத்தியும் மட்டும் ஓயாது.

நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். ஒரு ஸ்டூல் போட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். என் நாவல் ஒரு விடியற்காலையில் தொடங்கும். மூடுபனி, ரப்பர் மரங்கள், பறவைகள் என்று பக்கம் பக்கமாக விடியும். கொஞ்ச நேரம் அமைதியாகக் கேட்டார்கள். பிறகு ஒரு மூலையில் மீன் விலை தொடங்கியது. இன்னொரு மூலையில் யாரோ ஒருவரின் மகளுக்கு வந்த வரனைப் பற்றிப் பேச்சு. நான் குரலை உயர்த்தினேன், அவர்களும் உயர்த்தினார்கள். மணி அடித்ததும் மேஸ்திரி வந்து என் தோளில் தட்டினார்.

"நல்ல கதைலே. ஒருத்திக்க வேலையும் கெடல்ல. நாளைக்கும் வா."

அன்றைக்கு அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

மறுநாள் போகவே மனமில்லை. அம்மாவுக்காகப் போனேன். விடியலை ஒதுக்கிவிட்டு அங்கங்கே பக்கங்களைத் தாண்டித் தாண்டி வாசித்தேன். எழுபதாம் பக்கத்தை ஒட்டி ஓர் இடம் வரும். சவூதியில் விபத்தில் இறந்துவிட்டான் என்று ஒருவனுடைய உடல் பெட்டியில் வருகிறது. முகம் பார்க்கும்படி இல்லை, திறக்க வேண்டாம் என்கிறார்கள். அழுது அடக்கம் செய்கிறார்கள். ஒரு மாதம் கழித்து மனைவியின் போன் அடிக்கிறது. "நான்தான் பேசுகேன்" என்கிறான் அவன்.

அடுத்த வரிக்கு மூச்சு இழுத்தபோதுதான் கவனித்தேன். அறையில் சத்தமே இல்லை. பேச்சு மட்டுமல்ல, கத்திகள் பருப்பில் உரசுகிற அந்த மெல்லிய சத்தமும் இல்லை. நிமிர்ந்தால் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்போ பெட்டியில கெடந்தது யாருலே?" என்றார் முன்வரிசையில் இருந்த அக்கா.

நான் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினேன். நாவலில் அது இல்லவே இல்லை. உயிரோடு வந்த கணவனின் பின்னாலேயே போய்விட்டிருந்தேன். பெட்டியை ஒரு பத்தியில் புதைத்துவிட்டு நானும் மறந்திருக்கிறேன்.

அதற்குள் மேஸ்திரி ஓடி வந்தார். "கை நின்னாச்சு. எழும்பு, எழும்பு, வெளிய போ." பெண்கள் அவரோடு சண்டைக்குப் போனார்கள். நானோ ஸ்டூலை இடித்துத் தள்ளிக்கொண்டு சிரித்தபடி வெளியே ஓடினேன். ஒரு இடத்திலிருந்து துரத்தப்பட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மாலை வாசலில் அம்மாவுக்காக நின்றபோது என்னைச் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

"ஒனக்க கதையால எனக்குப் பருப்பு ஒடஞ்சு போச்சு. சொல்லிட்டுப் போ, யாரு அது?"

"தெரியாது அக்கா."

"எழுதினவனுக்கே தெரியாதா? பின்ன என்னத்துக்குலே எழுதின?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவர், பையைத் தோளில் மாட்டியபடி சொன்னார். "அவனுக்கும் ஒரு வீடு இருக்குமில்லியா மோனே. அங்க இப்பவும் போனப் பாத்துட்டு இருப்பாவ."

அம்மாவை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன் என்றால் பாருங்கள். முதல் எழுபது பக்கத்தையும் எடுத்துவிட்டேன். நாவல் இப்போது அந்தப் போன் அழைப்பில் தொடங்கியது. வேறொருவனை அடக்கம் செய்துவிட்ட ஒரு பெண், அவனுடைய வீட்டைத் தேடிப் போகிற கதையாக மாறியது. விரல்கள் விசைப்பலகையில் நிற்கவில்லை. கெடு முடிவதற்கு முந்தின நாள் அனுப்பினேன். பதிப்பாசிரியை மறுநாளே அழைத்தார். படித்துக்கொண்டே வந்து பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டாராம். கண்காட்சிக்குப் புத்தகம் வந்தது.

முதல் பிரதியை அண்டி ஆபீஸுக்கே கொடுத்தேன். சில நாள் கழித்து அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனபோது ஜன்னல் வழியாக என் வரிகள் கேட்டன. முன்வரிசை அக்கா மதிய இடைவேளையில் எல்லோருக்கும் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றுவிட்டேன். நான் ரொம்ப ரசித்து எழுதிய ஒரு பத்தி வந்தது. இரண்டு வரி வாசித்தார், "இது வேண்டாம்" என்று தாண்டி அடுத்த பத்திக்குப் போனார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கதை கொஞ்சமும் தடுமாறாமல் போனது.

அடுத்த பதிப்பில் அந்தப் பத்தி இருக்காது. புத்தகம் எழுத ஆசைப்படுகிற யாராவது என்னிடம் யோசனை கேட்டால், உங்களைப் பாராட்ட வேண்டிய அவசியமே இல்லாத பத்துப் பேருக்கு நடுவில் போய் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள் என்றுதான் சொல்கிறேன். நான் எழுதியது ஒரு கதை என்று எனக்கே தெரிந்தது அவர்கள் நடுவில்தான்.