பூனைக்கு வச்ச பொட்டு

அன்னைக்கு சரஸ்வதி பூசை. கடையில இருந்தவங்க: முதலாளி. பில் போடுற பொண்ணு, வேலைக்கு வந்து ரெண்டு வருசம். பக்கத்து டீக்கடை அண்ணன். ரிட்டையர் ஆன டீச்சர், சனிக்கிழமை தவறாம வந்து ஸ்டூல்ல உட்கார்ந்து படிக்கிறவங்க. பூனை. அப்புறம் நான்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால எங்க புத்தகக் கடை. அடுக்கறது, தூசி தட்டறது, பண்டல் கட்டறது என் வேலை. பதினாலு வருசமா செய்யறேன்.

புத்தகக் கடையில எல்லாப் புத்தகத்தையும் பூசைக்கு வைக்க முடியாது. அலமாரிக்கு ஒண்ணுன்னு எடுத்து அடுக்குவோம். அடுக்கிப் பொட்டு வைக்கிறதும் நான்தான். வச்சா, மறுநாள் காலையில எடுக்கிற வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது.

அடுக்கி முடிச்சப்போ டீச்சர் பையிலேருந்து ஒரு புத்தகம் எடுத்தாங்க. அவங்க எழுதின நாவல். ஒரு புத்தகக் கடையில நடக்கிற கதை. அட்டையில எங்க பூனை.

"நம்ம கடைதாங்க," முதலாளிகிட்ட சொன்னாங்க. "நீங்கதான் கடைக்காரர்." பில் போடுற பொண்ணக் கை காட்டினாங்க. "இவதான் கதாநாயகி."

பொண்ணு வாயப் பொத்திக்கிச்சு. "அய்யோ டீச்சர்! கல்யாணம் பண்ணி வச்சீங்களா?"

"கடைசிப் பக்கத்துல."

டீக்கடை அண்ணன் குறுக்க பூந்தாரு. "அத வுடுங்க. நான் இருக்கனா?"

"நீங்க இல்லாமயா? மழை பெய்யறப்பெல்லாம் டீ கொண்டாறீங்க."

"கதையிலயாவது காசு குடுக்கிறாங்களா?"

எல்லாரும் சிரிச்சாங்க. என்னப் பத்தி டீச்சர் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.

"ஏம்மா, இத மேல வையி," முதலாளி சொன்னாரு. வச்சேன். சந்தனம் வச்சு, குங்குமத்தக் கட்டைவிரலால அழுத்தினேன். அட்டையில இருந்த பூனை நெத்தியில. கொஞ்சம் அதிகமாவே அழுத்திட்டேன்.

அந்தப் பூனையக் கொண்டாந்தது நான். அனந்தபுரத்துல எங்க அக்கா வீட்டுல குட்டி போட்டுது. கைடு வந்த அட்டைப்பெட்டியில வச்சு பஸ்ஸுல தூக்கினு வந்தேன். செஞ்சியில பஸ் மாறும்போது கையப் பிராண்டிச்சு. தழும்பு இன்னும் இருக்குது.

டீச்சர் போனதும் பொண்ணு என்கிட்ட வந்துச்சு. "ஒரு பக்கம் பாக்கலாம்க்கா. நீ வர்றியான்னு பாக்கலாம்."

"பூசையில வச்சது. திறந்தா படிப்பு போயிடும்."

"உனக்குத்தான் எட்டாவதோட போயிடுச்சே!"

நான் திறக்க வுடல. அன்னைக்குப் பூனைக்குப் பாலும் ஊத்தல.

மறுநாள் முதலாளி கற்பூரம் காட்டி அடுக்கக் கலைச்சாரு. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு தினம் அந்த நாவலக் கொஞ்சம் படிச்சேன். எழுத்துக் கூட்டிதான் படிப்பேன்.

நல்ல கதை. மனசு நொந்து வர்றவங்களுக்கு முதலாளி ஏத்த புத்தகமா எடுத்துக் குடுக்கிறாரு. எங்க கடையில எடுத்துக் குடுக்கிறது நான். கதையில பூனை மழையில நனைஞ்சு தானா வந்து சேருது. அந்த இடத்த ரெண்டு வாட்டி படிச்சேன்.

ஒரே ஒரு இடத்துல 'யாரோ விளக்கைப் போட்டார்கள்'னு இருந்துச்சு. சுவிட்ச் என் அலமாரிப் பக்கம்தான் இருக்குது. அது நானாத்தான் இருக்கணும்.

சனிக்கிழமை டீச்சர் வந்தாங்க. பொண்ணு சும்மா இல்ல, என்னக் காட்டிக் கேட்டுச்சு. "எங்க அக்காவ வுட்டுட்டீங்களே டீச்சர்?"

டீச்சர் என் தோள்ல கை வச்சாங்க. "உன்ன எழுதினா கஷ்டத்த எழுதணும்மா. இது மனசுக்கு இதமா இருக்க வேண்டிய கதை."

என்ன கஷ்டம்னு எனக்குத் தெரியல. அவங்ககிட்ட நான் கஷ்டம்னு எதுவும் சொன்னதில்ல. "சரிங்க டீச்சர்"னு சொல்லிட்டு ஸ்டூலத் துடைச்சுப் போட்டேன்.

இப்ப விழுப்புரத்துலேருந்துகூட ஆளுங்க வர்றாங்க. நாவல் படிச்சவங்க. பூனையப் போட்டோ எடுக்கிறாங்க. போன வாரம் ஒரு அம்மா என்னக் கேட்டாங்க. "இதுதான் மழையில வந்த பூனையா?"

"ஆமாங்க."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோவுல விழறீங்க."

தள்ளி நின்னேன்.

அன்னைக்குச் சாப்பிட்டதும் நாவல முதல்லேருந்து எடுத்தேன். கதை படிக்கல. பூனை வர்ற பக்கத்த மட்டும் எண்ணினேன்.

நாப்பத்திமூணு.